பிறந்த மூன்றாம் நாள் எழுதிய வார்த்தையை இருபது மாதம் கழித்துப் படித்தோம்

பாப்பாவுக்குக் காது கேட்பதற்காக உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் முடிந்து பதினொரு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. கூப்பிட்டால் திரும்புகிறாள், "தா", "பூ", "போ" எல்லாம் வருகிறது. இப்போதுதான் எனக்கு உட்கார்ந்து எழுதும் தெம்பு வந்திருக்கிறது, ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. குழந்தை இன்னும் பேசவில்லையே என்று கவலையில் இருக்கும் யாருக்காவது இதில் ஒரு வரி உதவினாலும் போதும்.

எனக்குத் தலைப்பிரசவம். பிக்மி என்ற அரசுக் கர்ப்பப் பதிவு, ஸ்கேன், பிரசவம், முதல் மூன்று மாதத் தடுப்பூசி எல்லாம் அம்மா வீட்டில், அது வேறு மாவட்டம். ஐந்தாம் மாதம் குழந்தையோடு கணவர் ஊருக்கு வந்தோம். இங்கே நர்சம்மா தாய் சேய் அட்டையை வாங்கிப் பார்த்து மிச்ச ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டார். அங்கன்வாடியில் பெயர் எழுதினார்கள், மாதாமாதம் எடை பார்த்துச் சத்துமாவு கொடுத்தார்கள். அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

பதினான்காம் மாதம், எடை போடும் நாள். ஆயா கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அடுக்கு மொத்தமும் சிமெண்ட் தரையில் விழுந்தது. அங்கிருந்த பிள்ளைகள் எல்லாம் துள்ளித் திரும்பினார்கள், இரண்டு பேர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். பாப்பா என் மடியில் சத்துமாவு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அதைக் கவனித்துவிட்டார். எல்லோரும் போனபிறகு என்னை மட்டும் நிறுத்தி, "ஏம்மா, பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு ஒருக்கா பாத்துடுங்க" என்றார். வீட்டில் சொன்னால் அத்தை, "அவ அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்று முடித்துவிட்டார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசையாக இருந்தது.

டீச்சர் விடவில்லை. குழந்தைகளுக்குக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வரும் தேதியைச் சொல்லி, அன்றைக்குக் கட்டாயம் வரச் சொன்னார். அந்தத் தேதியில் பாப்பாவுக்கு 102 டிகிரி காய்ச்சல், போக முடியவில்லை. அந்தக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு தடவைதான் வரும். அடுத்த முறைக்காக நாங்கள் காத்திருந்தோம்.

இங்கே என் முதல் எச்சரிக்கை: காத்திருக்காதீர்கள். குழு வந்து பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் மாவட்ட மருத்துவமனைக்குப் போக முடியும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அப்படி இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. டி.இ.ஐ.சி. என்று எல்லோரும் சொல்லும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகவே போகலாம். நாங்கள் போனபோது எந்தச் சீட்டும் கையில் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அது தெரியாமல் ஐந்து மாதம் போச்சு. கடைசியில் டீச்சரே தன்னுடைய விடுமுறை நாளில், தன் காசில் டிக்கெட் எடுத்து எங்களோடு பஸ் ஏறினார். அவர் அன்றைக்குக் கூட வந்திருக்காவிட்டால் நான் இன்னும் எத்தனை மாதம் தள்ளிப் போட்டிருப்பேனோ.

டி.இ.ஐ.சி.யில் காது பரிசோதகர் எங்கள் பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டில் நிறுத்தி, "பிறந்தப்பவே டெஸ்ட் பண்ணியிருக்காங்களே, அப்புறம் ஏன் திரும்பப் போகலை?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீட்டின் அடியில், ரத்த வகைக்கும் எடைக்கும் கீழே, ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல்: ஓ.ஏ.இ. இரண்டு காதும் 'ரெஃபர்', ஒரு மாதத்தில் மறுபரிசோதனை. ஓ.ஏ.இ. என்பது பிறந்த குழந்தைக்குச் செய்யும் காதுச் சோதனையாம், 'ரெஃபர்' என்றால் அந்த முதல் சோதனையில் காது பதில் தரவில்லை, மறுபடி பார்த்தே ஆகவேண்டும் என்று அர்த்தமாம். டிஸ்சார்ஜ் அன்று தையலைப் பற்றிச் சொன்னார்கள், தாய்ப்பாலைப் பற்றிச் சொன்னார்கள், இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும், இதுதான் காது விஷயத்தில் கணக்கு என்று அந்தப் பரிசோதகர் பொறுமையாகச் சொன்னார். பாப்பாவுக்கு அப்போது இருபது மாதம். நான் வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன், டீச்சர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஒரு வார்த்தை போயிருக்க வேண்டிய வழியை யோசித்துப் பார்த்தால்தான் இன்னும் வலிக்கிறது. பிரசவம் பார்த்த மருத்துவமனையிலிருந்து அம்மா ஊர் நர்சம்மாவுக்கு, அவரிடமிருந்து கணவர் ஊர் நர்சம்மாவுக்கு, அவரிடமிருந்து அங்கன்வாடிக்கு. ஒரு இடத்திலும் அது அடுத்த கைக்கு மாறவில்லை. தாய்வீட்டில் பெற்று மாமியார் வீட்டுக்கு வருவது நம் ஊரில் பாதிப் பேர் செய்வதுதானே, அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டாமா? 1975-ல் அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். திட்டம் தொடங்கியபோதே அதன் ஆறு சேவைகளில் ஒன்று பரிந்துரைச் சேவை. தடுப்பூசி, உடல் பரிசோதனை, பரிந்துரை மூன்றையும் அங்கன்வாடியும் சுகாதாரத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் திட்டமே. 2013-ல் ஆர்.பி.எஸ்.கே. வந்ததும் குறைகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான். எல்லாம் இருக்கிறது, ஆனால் அங்கன்வாடி ஆப்பில் பதிந்திருந்த பாப்பாவும் பிக்மியில் பதிந்திருந்த பாப்பாவும் ஒரே குழந்தை என்பது எங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது பெரா டெஸ்ட், சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்ப்பது. அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். நாங்கள் போன முதல் தடவை பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டு, அங்கே போனதும் குதித்து விளையாடினாள். தூக்க சிரப் கொடுத்தார்கள், வாந்தி எடுத்துவிட்டாள். திரும்பி வந்தோம், பத்து நாள் கழித்துத்தான் அடுத்த தேதி கிடைத்தது. இரண்டாம் தடவை விடியற்காலை நான்கு மணிக்கே எழுப்பிவிட்டு, வழியெல்லாம் தூங்கவிடாமல் பாட்டும் பொம்மையுமாகக் கொண்டுபோனோம், போன அரை மணியில் தூங்கிவிட்டாள். இதைச் செய்யுங்கள், ஒரு பயணம் மிச்சம். இரண்டு காதிலும் மிகத் தீவிரக் குறைபாடு என்று முடிவு வந்தது.

முதலில் காதுக் கருவி போட்டு மூன்று மாதம் பார்ப்போம், பலன் இல்லையென்றால் காக்ளியர் என்றார்கள். இங்கேதான் நாங்கள் சுழலில் மாட்டினோம். கருவி கொடுப்பது கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்கே போனால் அடையாள அட்டை வேண்டும், அதற்கு மருத்துவமனையில் குறைபாடு எத்தனை சதவீதம் என்று போட்டு வாங்கி வரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போனோம், காது டாக்டர் சதவீதம் போடுவது புதன்கிழமை மட்டும். புதன்கிழமை மறுபடி போனோம். "கருவி போட்டுப் பாத்துட்டு வாங்க, அப்புறம்தான் சதவீதம் போட முடியும்" என்றார்கள். திரும்ப அலுவலகம். அங்கிருந்த கிளார்க் தலையை நிமிர்த்தாமலே, "ஏம்மா, அது எங்க செக்‌ஷன் இல்ல, ஆஸ்பத்திரியில பேசுங்க" என்றார். இப்படியே மொத்தம் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் என் கணவருக்கு ஒரு நாள் கூலி போனது.

அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்பும்போது இன்னொன்றும் வெளிவந்தது. பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிட்டார்கள், நாங்கள் திரும்பிப் போய்ச் சேர்க்கவில்லை. ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் சேர்த்திருக்கலாம், தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம், அதுவும் பிறப்பு பதிவான அம்மா ஊர் நகராட்சியில். அந்தப் பெயர் இல்லாமல் ஆதார் இல்லை, குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க முடியாது, குடும்ப அட்டையில் இல்லாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீடும் கிடையாது. இதைப் படிப்பவர்கள் முதலில் எழுந்து போய் உங்கள் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் இருந்தாலும் எழுத்து சரியா என்று பாருங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, சான்றிதழில் ஒரு எழுத்து என்றால் அதற்கும் தனி அலைச்சல். அந்தப் பெயர் வேலை முடிய எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

சுழலை உடைத்தது கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த ஒரு மனு. டீச்சரின் தம்பிதான் எழுதும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஒரே பக்கம், நடந்ததைத் தேதி வாரியாக மட்டும், யாரையும் திட்டாமல். முக்கியமானது கடைசி வரி: நகல் என்று போட்டு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அங்கன்வாடிக்கான மாவட்டத் திட்ட அலுவலர் மூவரையும் எழுதினோம். குறைதீர் கூட்டத்தில் மனுவை வாங்கிய அதிகாரி நகல் வரியைப் படித்துவிட்டு, அந்த ஹாலிலேயே இருந்த மாற்றுத்திறனாளிகள் அலுவலரையும் மருத்துவமனை சார்பில் வந்தவரையும் எங்கள் முன்னாலேயே கூப்பிட்டார். பெரா ரிப்போர்ட்டை வைத்தே சதவீதம் போட்டு அட்டைக்கு அனுப்பலாம் என்று பத்து நிமிடத்தில் பேசி முடித்தார்கள். ஆறு பயணத்தில் நடக்காதது அந்த இரண்டு பேர் ஒரே மேசைக்கு வந்ததும் நடந்துவிட்டது! எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்த மேசை முதல் நாளே ஏன் இல்லை என்ற கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கருவி வந்தது, மூன்று மாதம் போட்டும் பெரிய மாற்றம் இல்லை. வருமானச் சான்று இ-சேவையில் எடுத்து (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்), காப்பீட்டில் பாப்பாவைச் சேர்த்து, ஸ்கேன், தடுப்பூசி, ஆபரேஷன் எல்லாம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்தது. காப்பீட்டில் காக்ளியர் ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குத்தான். ஆனால் ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், மூளை பேச்சைப் பிடிப்பது முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் அதிகம் என்று எங்கள் பயிற்சியாளர் தினமும் சொல்கிறார். ஆபரேஷனோடு வேலை முடிவதும் இல்லை. காக்ளியர் கருவியை ஆன் செய்த பிறகு மேப்பிங் (குழந்தைக்கு ஏற்றபடி கருவியின் ஒலி அளவைச் சரிசெய்வது), வாராவாரம் பயிற்சி, வீட்டில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பது, இதற்கு ஒரு ஆள் முழுநேரம் வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டேன்.

ஃபைல் பற்றி ஒன்று. ஒரே ஃபைலில் பிறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் சேய் அட்டை, பெரா ரிப்போர்ட், ஆதார், குடும்ப அட்டை, எட்டு போட்டோ, எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ். மேல் அட்டையில் பிக்மி எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள், கேட்கிற இடமெல்லாம் தேட வேண்டாம். ஒரிஜினலை எந்த மேசையிலும் விட்டு வராதீர்கள். யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள், எந்தத் தேதி என்று பின்பக்கம் எழுதிக்கொண்டே வாருங்கள், மனு எழுதும்போது எனக்கு அதுதான் கை கொடுத்தது.

பாப்பா இப்போது அதே அங்கன்வாடிக்குத்தான் போகிறாள். தலையில் ஒட்டியிருக்கும் காந்த வட்டத்தைப் பார்த்து ஆயா முதலில் தொடவே பயந்தார், இப்போது கழன்று விழுந்தால் அவரே எடுத்துத் துடைத்து மாட்டிவிடுகிறார். டீச்சர் ஒரு வேலையை வழக்கமாக்கிவிட்டார். பிரசவம் முடிந்து வேறு ஊரிலிருந்து குழந்தையோடு யார் வந்து பெயர் எழுதினாலும், தடுப்பூசி அட்டைக்கு முன்னால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு, அடிவரி வரை படித்து, போட்டோ எடுத்து நர்சம்மாவுக்கு அனுப்பிவிடுகிறார். யாரும் உத்தரவு போடவில்லை. போன மாதம் நாற்பத்தைந்து நாள் குழந்தை ஒன்றின் சீட்டில் இடது காதுக்கு நேராக 'ரெஃபர்' என்று இருந்தது. மறுநாளே நர்சம்மா அவர்களை டி.இ.ஐ.சி.க்கு அனுப்பினார். மறுபரிசோதனையில் இரண்டு காதும் பாஸ். அந்த அம்மா அங்கிருந்தே டீச்சருக்குப் போன் செய்து சொன்னார், டீச்சர் உடனே எனக்குப் போன் செய்தார்.