அண்ணன் போனுக்குப் போன ஓடிபி

ஆம்பூர் ஷூ கம்பெனியில அப்பர், அதாவது ஷூவோட மேல்பகுதி, தைக்கிறேன். ஊர் பேரணாம்பட்டுப் பக்கம். எங்க யூனிட்ல வாரம் ஒரு மணி நேரம் வாழ்க்கைத் திறன் பயிற்சி நடந்துச்சு. ஊட்டச்சத்து, சுத்தம்னு நிறைய சொன்னாங்க. என்னை உலுக்கினது ஒரு வகுப்புதான். "அவங்கவங்க சம்பளச் சீட்டை எடுத்துப் படிங்க"ன்னாங்க அந்த அக்கா. நாலு வருஷமா வாங்கின சீட்டை அன்னைக்குத்தான் படிச்சேன்.

அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்து 10,000 ரூபாய்னா, பிஎஃப்புக்கு, அதாவது வருங்கால வைப்பு நிதிக்கு, 1,200 பிடிப்பாங்க. கம்பெனியும் தன் பங்கா 12 சதவீதம் கட்டணும், அந்த 12-ல 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும்.

பிஎஃப் கணக்கைத் திறக்கிற 12 இலக்க யுஏஎன் நம்பர் சீட்டுலயே இருந்துச்சு. போன்ல போட்டா ஓடிபி வரல. ஆதார்ல இருந்தது அண்ணன் நம்பர். அவர் பெங்களூர்ல வேலையில இருப்பார், பார்த்துச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். அவர் மேல தப்பில்ல. பள்ளிக்கூடத்துல ஆதார் எடுத்தப்ப எனக்கு ஏது போன்?

நம்பர் மாத்த போஸ்ட் ஆபீஸ் போனேன். கைரேகை வெச்சாப் போதும்னாங்க. எனக்கு அதுதான் சிக்கலே. ஷூ ஒட்டுற பசை, அந்த சொல்யூஷன், ஒட்டி, தோல்ல தேய்ஞ்சு, விரல் நுனியெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சு. ஒவ்வொரு விரலா வெச்சும் மிஷின் எடுக்கல. மறு வாரம் திரும்ப லீவு போட்டு, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி ஊறவெச்சுட்டுப் போனேன். இடது கை மோதிர விரல் பதிஞ்சுது. ரெண்டு நாள் சம்பளம் போச்சு, ஆனா நம்பர் என்னோடது.

அப்புறம் இனிஷியல். ஆதார்ல ஒரு மாதிரி, பிஎஃப்ல ஒரு மாதிரி. ஹெச்ஆர்ல கேட்டு, நானும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கிற ஜாயின்ட் டிக்ளரேஷன்ங்கிற திருத்த விண்ணப்பம் போட்டுச் சரி பண்ணினேன்.

இதுக்கு முன்னாடி வேலை பார்த்த பழைய கம்பெனியோட பிஎஃப் பணத்தை எடுத்துக் கம்மல் வாங்கலாம்னு அம்மா சொன்னாங்க. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துட்டா அங்க வேலை பார்த்த சர்வீஸும் போயிடும், 10 வருஷம் சேர்ந்தாத்தான் மாசப் பென்ஷன்னு சொல்லி, இந்தக் கணக்குக்கே மாத்திட்டேன். கல்யாணம்னதும் மொத்தமா எடுத்துக் கொடுத்துட்டு, திரும்ப வேலைக்கு வந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கிற அக்காங்களைப் பக்கத்து மிஷின்லயே பார்க்கிறேன். மனசு ஆறல.

பாஸ்புக் திறந்தப்பத்தான் தெரிஞ்சுது: பழைய கம்பெனி என்கிட்ட பிடிச்ச பணத்துல 5 மாசத்துக் காசு ஏறவே இல்ல. அந்தச் சீட்டெல்லாம் ரேஷன் கார்டு உறையில பத்திரமா இருந்துச்சு. போட்டோ எடுத்துச் சேர்த்து பிஎஃப் ஆபீஸுக்கு ஆன்லைன்ல புகார் போட்டிருக்கேன்.