மூன்று மார்க்கும் ஒரு சிம்பலும்: கிரேடு 5 அனுபவம்

ரிசல்ட் வந்துவிட்டது. ராக்ஸ்கூல் (ராக், பாப் இசைத் தேர்வுகள் நடத்தும் அமைப்பு) கிட்டார் கிரேடு 5, 100-க்கு 71. மெரிட்டுக்கு (பாஸுக்கு மேலான தரம்) 74 வேண்டும். "பாஸாயிட்டியே, அப்புறம் என்ன?" என்கிறார் அப்பா.

எங்கே கோட்டை விட்டேன் என்று தெரியும். இரண்டாவது பாட்டு, 20-க்கு 12. அதில் சோலோவுக்கு முன் இரண்டு பார் (தாளச் சுற்று) சும்மா நிற்க வேண்டும். நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அந்த இரண்டு பாரை நான் எண்ணியதில்லை. கூடவே ஓடும் பின்னணி இசை ட்ராக்கில் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) விழும், நான் உள்ளே குதிப்பேன், அவ்வளவுதான். தேர்வு அறையில் ஸ்பீக்கர் என் முதுகுப் பக்கம் இருந்தது. என் ஆம்ப் சத்தத்தில் சிம்பல் காதில் விழவில்லை. ஒரு பார் தாமதமாக நுழைந்தேன். அடுத்த கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) வந்துவிட்டது, நான் இன்னும் பழைய கார்டுக்கான பெண்டை (கம்பியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது) இழுத்துக்கொண்டிருந்தேன். நாலு மாதமும் அந்த ட்ராக்தான் என்னை இடுப்பில் வைத்துத் தூக்கி நடந்திருக்கிறது.

எச்சரிக்கை முன்பே வந்தது. ஏப்ரலில் ஏற்காட்டில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது மழையில் கரண்ட் போனது. இருட்டில் சோலோவை மட்டும் வாசித்தேன். "இது எந்தப் பாட்டுடா?" என்றார் பெரியப்பா. தினம் கேட்ட பாட்டுதான். நான் குளிர்மேல் பழியைப் போட்டேன். சேலத்து வெயிலில் ட்யூன் செய்த கம்பிகள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் கொஞ்சம் ஷார்ப் ஆகியிருந்தது (சுருதி ஏறியிருந்தது) உண்மைதான். சரிசெய்த பிறகும் பெரியப்பாவுக்குப் பாட்டு புரியவில்லை.

தேர்வு முடிந்தபின் என் தங்கைதான் வழி காட்டினாள். அவள் வாய்ப்பாட்டு கற்கிறாள். வீட்டில் மிருதங்கம் வைத்தா பழகுகிறாள்? தம்புரா ஆப், தொடையில் தாளம். இப்போது நான் ட்ராக்கோடு வாசிக்கும்போது அவள் வால்யூமை முழுக்க இறக்கிவிடுவாள். எட்டு பார் கழித்து ஏற்றுவாள். முதல் நாள் ஏற்றியபோது நான் இரண்டு பீட் முன்னால் நின்றேன். "அண்ணா, நீ பஸ்ஸை விட்டுட்டு ஓடிட்டே." வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். எங்கள் வீடு அம்மாப்பேட்டையில், பக்கத்தில் மூன்று விசைத்தறிகள், ஒன்றின் ஓட்டம் இன்னொன்றோடு ஒட்டாது. அதற்கு நடுவே எண்ணிக்கையைப் பிடிக்க முடிந்தால் எந்த அறையிலும் முடியும்.

மற்றவை:

- முதல் இரண்டு வாரம் ட்ராக்கைத் தொடாதீர்கள். காலால் தட்டி, வாய்விட்டு எண்ணுங்கள். சும்மா நிற்கும் பார்களையும் சேர்த்து.
- ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் கார்டை ஒரு முறை மீட்டிவிட்டு சோலோவைத் தொடருங்கள். சில இடங்களில் விரல் எட்டாது, பரவாயில்லை. எந்த ஸ்வரம் எந்தக் கார்டின்மேல் உட்கார்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.
- முழு ஸ்வர பெண்டுக்கு முன், இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் உலோகக் கோடு) தள்ளி அந்த ஸ்வரத்தை நேராக வாசித்துக் காதில் வாங்குங்கள். குறைந்துபோன பெண்டு ட்ராக்கில் மறைந்துவிடும். தனியாக வாசித்தால் பல்லிளிக்கும்.
- மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஒவ்வொரு பாரின் 2, 4-ஆவது அடியில் மட்டும்.
- கடைசி மூன்று வாரம் ட்ராக். ஸ்பீக்கரை ஒரு நாள் எதிரே, ஒரு நாள் பின்னால், ஒரு நாள் அடுத்த அறையில் வையுங்கள்.

தேர்வில் இம்ப்ரோ (அந்த இடத்திலேயே கற்பனையில் வாசிப்பது) எடுப்பவர்களுக்கு இது செல்லாது. அங்கே கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும், விதவிதமான ட்ராக்கோடு பழகியே ஆக வேண்டும். இன்னொன்று, நான் பதற்றக்காரன், தாளத்தில் ஓடுகிறவன். நிதானமாக இழுத்து வாசிப்பவர்களுக்கு ட்ராக்கே நல்ல மருந்தாக இருக்கலாம்.

அடுத்து கிரேடு 6. வால்யூம் குறைக்க இதுவரை நாளுக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கியவள், இப்போது இரண்டு கேட்கிறாள்.