ஃபிராங்கின் 2ஆம் கோரால்: கால் பழகிவிட்டது, விரல்தான் படுத்துகிறது

நேற்று ராத்திரி, பாரிஸ் இசையமைப்பாளர் ஃபிராங்க் ஆர்கனுக்கு (தேவாலயங்களில் இருக்கும் குழல் இசைக்கருவி) எழுதிய பி மைனர் கோரால் என்ற படைப்பில் பெடல் பகுதியை, அதாவது காலால் மிதித்து வாசிக்கும் பகுதியை, ஒரு இடத்தில்கூட நிற்காமல் வாசித்துவிட்டேன். மூன்று மாத உழைப்பு!

முதலில் நேரே ஃபிராங்கிலேயே இறங்கி மாட்டிக்கொண்டேன். அப்புறம்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் சி மைனர் பாசகாலியாவுக்கு (அடிக்குரலில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் இசைவகை) திரும்பினேன். அதன் 8 பார் (தாளக்கூறு) நீளப் பெடல் அடிமெட்டில் கடைசி ஏழு சுரம் இருக்கிறதே: டி, ஈ ஃபிளாட், பி, சி, எஃப், ஜி, சி. இடது, வலது, இடது என்று கால்நுனியால் மட்டுமே மாற்றி மாற்றி மிதித்தேன். கடைசி சி பெடல்வரிசையின் இடது ஓரக் கட்டை. குனிந்து பார்க்காமல் கால் தானாக அங்கே போக மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு ஃபிராங்கின் பெடல் பிடிபட்டுவிட்டது. இரண்டுக்கும் ஒரே எலும்புக்கூடு: மூன்று தாள நடை, கீழ்க்குரலில் திரும்பத் திரும்ப வரும் ஒரே அடிமெட்டு, பிறகு அது மேல் குரலுக்கு ஏறுவது. பாஹ் அடிமெட்டின் முதல் பாதியோ பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் ஆந்த்ரே ரேசோன் 1688இல் பாரிஸில் அச்சிட்ட ஆர்கன் நூலில் இருக்கிறது. பாரிஸில் புறப்பட்டது ஜெர்மனி போய், 1890இல் ஃபிராங்க் கையில் பாரிஸுக்கே திரும்பியிருக்கிறது. நினைத்தாலே சிலிர்க்கிறது.

இப்போது சிக்கல், ஃபிராங்கில் அடிமெட்டு மேல் குரலுக்கு ஏறும் இடம். 4ஆம் விரல் (மோதிர விரல்) பிடித்திருக்கும் கட்டையை ஓசையே இல்லாமல் சுண்டுவிரலுக்கு மாற்ற வேண்டும். பியானோ என்றால் வலது பெடலை மிதித்துச் சமாளிக்கலாம். ஆர்கனில் விரல் எழும்பிய நொடியே நாதம் அறுந்துவிடும். சுண்டுவிரல் உள்ளே வந்து கட்டையில் உட்கார்ந்த பிறகுதான் 4 விலக வேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்தே எழும்புகின்றன. ஃபிராங்குக்குப் பெரிய கைகள், எனக்கு அப்படி இல்லை. பெல்ஜிய ஆர்கன் ஆசிரியர் லெமென்ஸ் பிரெஸ்லாவில் (இன்று போலந்தில் இருக்கும் ஊர்) ஆர்கன் கலைஞர் ஹெஸ்ஸேயிடம் கற்று, பின்னால் பெயர்பெற்ற ஆர்கன் கலைஞர்களான விடோருக்கும் கில்மாவுக்கும் சொல்லிக்கொடுத்த லெகாட்டோ (சுரங்களை இடைவெளி இல்லாமல் இணைத்து வாசிக்கும்) முறையின் உயிரே இந்த விரல் மாற்றம்தான். தினமும் 20 நிமிடம், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 40 தட்டில்.

செருப்பு விஷயம்: ஆர்கன் வாசிக்கத் தோல் அடி வேண்டும். ஆர்டர் போட்ட கடை ரப்பர் அடி அனுப்பிவிட்டது. கட்டையில் வழுக்காமல் ஒட்டுகிறது, குதிகால் திரும்பவே மாட்டேன் என்கிறது. தெரு முனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் ஒட்ட வைத்தேன், அது அருமை.

அடுத்து பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் துப்ரேயின் 79 கோரால்கள் (தேவாலயப் பாடல் மெட்டுகளில் அமைந்த சிறு ஆர்கன் படைப்புகள்). 1920இல் பாஹின் ஆர்கன் படைப்புகள் அத்தனையையும் பத்துக் கச்சேரிகளில் மனப்பாடமாக வாசித்தவர், பாஹின் கோரால் முன்னிசைகளுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்தவே எழுதியவை. நோட்டு வாங்கி வைத்தாயிற்று. முதல் மூன்றை நேற்றே திருட்டுத்தனமாக வாசித்துப் பார்த்துவிட்டேன்.