கரண்ட் போன நேரத்தில் கவலையைக் கவனிப்பது

மியான்மரின் (பர்மா) யாங்கூனில் கரண்ட் எப்போது போகும், நாளைக்கு அரிசி என்ன விலை என்று யாராலும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்தே இப்படித்தான். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் வேறு. பர்மிய பௌத்தத் துறவி மகாசி சயாடோ கற்பித்த விபஸ்ஸனா தியானம் இந்தக் கவலைக்குக் கைகொடுக்கும். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் செய்யலாம், மதம் மாற வேண்டியதில்லை.

முதலில் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள், கால் அசைவதை மனசுக்குள் சொல்லிக் குறித்தபடி: தூக்குகிறது, நகர்கிறது, வைக்கிறது. நடக்காமல் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். பிறகு இருபது நிமிடம் உட்கார்ந்து, மூச்சோடு வயிறு எழுவதையும் தாழ்வதையும் ‘எழுகிறது, தாழ்கிறது’ என்று மனசுக்குள் குறியுங்கள். மூச்சை இழுத்து வயிற்றை வேண்டுமென்றே உப்பவைத்தால் நெஞ்சு இறுகும், தலை கனக்கும்.

‘பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துவிடுவார்களோ’ என்று மனசு ஓடும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடாதீர்கள். ‘கவலை, கவலை’ என்று குறித்துவிட்டு, உடம்பில் அது எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் அடிவயிற்றில் ஓர் இறுக்கம், தொண்டையில் வறட்சி. அது கூடும், குறையும், இடம் மாறும். நிலையாமையைப் படிப்பது வேறு, இப்படிப் பார்ப்பது வேறு. கவலையை விரட்டத்தான் உட்கார்ந்தேன் என்றால் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். அதையும் ‘எரிச்சல்’ என்றே குறியுங்கள்.

போனில் செய்தி பார்த்த கையோடு உட்காருவது வீண். இன்னொன்று: பயிற்சி ஆபத்தை விலக்காது. தண்ணீர், அரிசி, மருந்து, டார்ச், பதிவு அட்டை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு உட்காருங்கள்.