செம்பருத்தியில் ஒரு கூட்டணி

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் எந்த வீட்டுச் செம்பருத்தியைப் பார்த்தாலும் மாவுப்பூச்சி. எல்லாரும் மருந்தடிக்க ஓடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் தண்டில் ஏறும் எறும்பு வரிசையைப் பாருங்கள்.

மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு, மிஞ்சும் சர்க்கரையைத் துளித்துளியாக வெளியேற்றும். எறும்புக்கு அது சாப்பாடு. மாடு வைத்திருப்பவர் மாட்டைக் காப்பதுபோல, தின்ன வரும் பொறிவண்டையும் மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிட வரும் குட்டிக் குளவியையும் எறும்பு விரட்டிவிடும். இலையில் கறுப்பாகப் படிகிறதே, அதுவும் அந்த இனிப்பில் வளரும் பூஞ்சைதான்.

வெளியிலிருந்து வந்து பரவும் எறும்பு என்றால் கதை மோசம். 2022இல் திண்டுக்கல் கரந்தமலை அடிவார ஊர்களைப் படுத்திய மஞ்சள் பைத்தியக்கார எறும்பு ஞாபகம் இருக்கிறதா? கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஒரே கூட்டத்தில் பல ராணிகள். இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றதும் இதே இனம். அங்கே அதற்குத் தீனி போட்டது மரங்களில் ஒட்டியிருந்த செதில் பூச்சி, மாவுப்பூச்சி மாதிரியே சாறு உறிஞ்சி இனிப்பை வெளியேற்றுவது. அதனால் 2016இல் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். எறும்பைத் தொடாது, செதில் பூச்சியை மட்டும் அழிக்கும். கெட்டிக்காரத்தனம்!

சரி, நம் வீட்டுக்கு? அடித்தண்டில் டேப் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பக்கத்துக் கிளை, மதில் எதுவும் செடியை உரசக் கூடாது, எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.