அணைந்திருக்கும் கணினியும் குறித்த நேரப் பணியும்

காட்பாடியில் எங்கள் வீட்டுக் கணினியில், அப்பா சேர்த்துவைத்த ஒளிப்படங்களை நாள்தோறும் வெளி வன்தட்டுக்கு நகலெடுக்கும் பணியை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரான் நிரலிடம் ஒப்படைத்திருக்கிறேன். 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்துடன் வந்த கிரான், நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்னும் ஐந்து புலங்களைப் பார்த்தே கட்டளையை இயக்குகிறது. "30 2 * * *" என எழுதினால் தினமும் அதிகாலை 2.30 மணிக்குப் பணி தொடங்கும். ஆனால் வேலூர்க் கோடையில் மின்சாரம் நின்று அந்நேரம் கணினி அணைந்திருந்தால், அன்றைய பணி விடுபட்டுப் போகும். கிரான் அதைப் பின்னர் ஈடுசெய்வதில்லை.

ஆகவே வீட்டுக் கணினிக்கு, அதே வகை நிரலான அனாகிரானே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து: பணி கடைசியாக நடந்த தேதியை அது குறித்துவைத்து, உரிய நாட்கள் கடந்திருந்தால், கணினி மீண்டும் இயங்கிய சற்றுநேரத்தில் விடுபட்டதை முடித்துவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி நிரலின் டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' அமைப்பை இயக்கினாலும் இதே பயன் கிடைக்கும். எடுத்த நகல் உண்மையிலேயே திறக்கிறதா என்பதை மட்டும் அவ்வப்போது நானே பார்த்துவிடுகிறேன். அதை எந்த நிரலிடமும் விட எனக்கு மனமில்லை.