புஷ்ஷுக்குள் எண்ணெய்க் காடி: பழைய லேத்தில் வெட்டும் முறை

வெண்கலப் புஷ் (சுற்றும் தண்டைத் தாங்கும் குழாய் வடிவத் துண்டு) கடையக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் "உள்ளே எட்டு போட்டுவிடுங்கள்" என்றுதான் கேட்பார்கள். எட்டு வடிவக் காடி, அதாவது எண்ணெய் ஓடும் பள்ளம், பார்க்க அழகு. ஆனால் ஷாஃப்ட் (தண்டு) ஒரே திசையில் வேகமாகச் சுற்றி, பாரமும் ஒரே பக்கம் இறங்கும் இடத்தில், ஷாஃப்டைத் தாங்கி நிற்பது எண்ணெய்ப் படலம். அந்தப் பாரப் பக்கத்தின் குறுக்கே காடி ஓடினால் படலத்தின் அழுத்தம் காடி வழியே வடிந்து, உலோகம் உலோகத்தோடு உரசும். அங்கே பாரம் விழாத பக்கத்தில், எண்ணெய்த் துளையை ஒட்டி ஒரு நேர்க்காடி போதும். கிரீஸ் போடும் இடம், மெதுவாகச் சுற்றும் தண்டு, முன்னும் பின்னும் ஆடும் இணைப்பு முள் (பின்), இவற்றுக்குத்தான் எட்டு.

நேர்க்காடிக்குத் தனி மெஷின் வேண்டாம். கூம்புப் புல்லி உள்ள பழைய லேத்தில், புல் கியர் பின்னை (புல்லியை ஸ்பிண்டிலின் பெரிய பற்சக்கரத்தோடு இணைக்கும் முள்) எடுக்காமல் பேக் கியரையும் (வேகம் குறைக்கும் துணைப் பற்சக்கரங்கள்) சேர்த்தால் ஸ்பிண்டில் (வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டு) பூட்டிக்கொள்ளும். அதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அந்த நிலையில் யாராவது மோட்டாரைப் போட்டால் கியர் பல் உடையும். போரிங் பாரில் (துளைக்குள் டூலைக் கொண்டுபோகும் தடி) மாட்டும் டூலின் வெட்டு முகம் ஹெட்ஸ்டாக்கைப் (ஸ்பிண்டில் இருக்கும் பக்கம்) பார்த்து இருக்கட்டும். கேரேஜைக் (டூலைச் சுமந்து லேத்தின் நீளத்தில் நகரும் பகுதி) கையால் தள்ளி, ஒரு ஓட்டத்துக்கு 0.1 மி.மீ. வீதம் 12 ஓட்டம் போனால் 1.2 மி.மீ. ஆழம் கிடைக்கும். 5 மி.மீ. சுவருக்கு அதற்கு மேல் ஆழம் தேவையில்லை. காடி மறுமுனை வரை போகக் கூடாது. போனால் எண்ணெய் வெளியே வழிந்துவிடும். நடுவில் நிறுத்தினாலோ வெட்டிய உலோகச் சுருள் அறுபடாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த ஓட்டத்தில் டூல் முனையை ஒடிக்கும். அதனால் காடி முடியும் இடத்தில் உட்சுவரில் வளையக் காடி ஒன்றை முதலிலேயே வெட்டிவிட வேண்டும். டூல் அதில் போய் விழுந்தால் சுருள் சுத்தமாக அறுந்துவிடும்.

எட்டுக்கு வேலை அதிகம். லீட் ஸ்குரூவின் (கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு) ஹாஃப் நட்டைத் (திருகைக் கேரேஜோடு இணைக்கும் பிளவு நட்டு) திறந்துவிட்டு, ஸ்பிண்டிலிலிருந்து கியர் வழியே ஒரு கிராங்கை ஓட்டி, அதன் இணைப்புக் கம்பியைக் கேரேஜில் மாட்ட வேண்டும். ஸ்பிண்டில் 2 சுற்றுச் சுற்றும்போது கிராங்க் 1 சுற்று. 1-க்கு 1 என்றால் எட்டு வராது, சாய்ந்த ஒற்றை வளையம்தான் வரும். பெல்ட்டில் ஓட்டக் கூடாது. இம்மி நழுவினாலும் அடுத்த சுற்று வேறு தடத்தில் விழும். 60 மி.மீ. நீளப் புஷ்ஷில் 4 மி.மீ. அகலக் காடி, இரு முனையிலும் 5 மி.மீ. விட வேண்டும் என்றால், டூல் நடுக்கோட்டின் ஓட்டம் 46 மி.மீ.; கிராங்க் ஆரம் 23. அகலத்தில் பாதியைக் கழிக்க மறந்து 25 வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

டூல் தீட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 40 மி.மீ. துளையில் இந்தக் காடி நடுப்பகுதியில் ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்து ஓடுகிறது. போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம். ஆகவே இரு பக்கவாட்டிலும் 30 டிகிரிக்கு மேல் கழித்துத் தீட்ட வேண்டும். இல்லையேல் டூல் வெட்டாது, தேய்க்கும். காடியின் ஓரம் உப்பும். வெட்டு முகம் சாய்வில்லாமல் தட்டையாகவே இருக்கட்டும். சாய்வு வைத்தால் வெண்கலம் டூலை உள்ளே இழுக்கும், கிராஸ் ஸ்லைடில் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) ஆட்டம் உள்ள பழைய லேத்தில் அது நிச்சயம். ஜிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) இறுக்கிக்கொண்டே தொடங்குவது நல்லது.

ஸ்பிண்டில் வேகம் நிமிடத்துக்கு 20 முதல் 30 சுற்று. கேரேஜ் கனமானது, ஒவ்வொரு திருப்பத்திலும் அது இடிக்கும். இணைப்புப் பின்னில் 0.3 மி.மீ. ஆட்டம் இருந்தாலே முனைகளில் தடம் இரண்டாகப் பிரிந்து தெரியும். கேரேஜ் கைச்சக்கரம் தானாக முன்னும் பின்னும் சுழலும், கை அருகே போகக் கூடாது. முதல் ஓட்டத்தில் மேலாகக் கீறிப் பார்த்து, தடம் தன் மேலேயே திரும்பி வருகிறதா என்று உறுதி செய்தபின் ஆழப்படுத்தலாம். எண்ணெய்த் துளையைக் காடி தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளியில், கடைசியாகப் போட வேண்டும்.

இதெல்லாம் புஷ் கம்பியிலேயே இருக்கும்போது முடிய வேண்டும். அறுத்தெடுத்த மெல்லிய புஷ்ஷைச் சக்கில் இறுக்கினால் துளை முக்கோணமாக நெளியும். துளையில் 0.2 மி.மீ. மிச்சம் வைத்துக் காடி வெட்டி, ஹவுசிங்கில் அழுத்தி ஏற்றியபின் இறுதி அளவுக்குக் கொண்டுவருவது நல்லது. ஏற்றும்போது துளை சுருங்கும். பிறகு காடியின் ஓரங்களைச் ஸ்கிரேப்பரால் உருட்டிவிட வேண்டும். கூரான ஓரம் ஷாஃப்டில் உள்ள எண்ணெயை வழித்தெடுத்துவிடும். இதற்கு எமரித் தாள் மட்டும் வேண்டாம். அதன் மணல் வெண்கலத்தில் புதைந்து, புஷ் இருக்கும்வரை ஷாஃப்டை அராவிக்கொண்டே இருக்கும்.